சர்வீஸ் யார்டில் கேஸ் ஹீட்டர்: குழாயும் புகைபோக்கியும் நாமே போடலாமா?

செங்காங் நாலறை
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கில் ஒரு நாலறை ரீசேல் வீடு வாங்கியிருக்கிறோம். சாவி வந்துவிட்டது, ரெனவேஷன் தொடங்கப் போகிறோம். பழைய வீட்டுக்காரர் அடுப்புக்கு மட்டும் குழாய் கேஸ் வைத்திருந்தார். எங்களுக்கு இரண்டு பாத்ரூமுக்கும் சேர்த்து ஒரு கேஸ் வாட்டர் ஹீட்டர் வேண்டும். சமையலறையை ஒட்டித் துணி துவைத்துக் காயப்போடும் சர்வீஸ் யார்டின் சுவரில் மாட்டலாம் என்று எண்ணம்.

நான் கப்பல் பட்டறையில் குழாய் வேலை பார்ப்பவன். திரெட் போடுவதும் பிரெஷர் டெஸ்ட் எடுப்பதும் அன்றாடப் பிழைப்பு. யூடியூபில் ஓர் அமெரிக்கர் தன் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குக் கேஸ் லைன், காற்று போகும் டக்ட் இரண்டையும் தானே போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்து, ஒரே பகலில் முடிக்கிறார். நம் ஹீட்டர் அதைவிடச் சின்ன வேலைதானே?

கேட்க வந்தது இதுதான். அடுப்புக்குப் போகும் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு ஹீட்டருக்கு எடுக்கலாமா? குழாயை ஃபால்ஸ் சீலிங்குக்குள் மறைக்கலாமா? ஹீட்டரைச் சுற்றி அழகாக ஒரு கேபினட் அடித்துவிடலாம் என்கிறார் எங்கள் ஐடி (உள்ளலங்கார வடிவமைப்பாளர்). அது சரியா?

மஞ்சள் குழாய்
தம்பி, நீங்களே போடலாமா என்பதற்கு ஒரே பதில்: கூடாது. சிங்கப்பூரில் கேஸ் குழாயில் கை வைக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற கேஸ் ஊழியராக இருக்க வேண்டும். எரிவாயுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பட்டறையில் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த உரிமத்துக்கு ஈடாகாது. உரிமம் உள்ளவர்களின் பட்டியல் ஆணையத்தின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. கான்ட்ராக்டர் "என் ஆள் ஒருத்தர் இருக்கிறார்" என்றால், அந்த ஆளின் உரிம எண்ணை வாங்கித் தேடிப் பாருங்கள். நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். எண்ணைக் கேட்டால் நல்ல ஆள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டீ விஷயம். அடுப்பின் ஒரு பர்னர் ஏறக்குறைய 4 கிலோவாட். இரண்டு பாத்ரூமுக்கு ஓடும் ஹீட்டர் 20, 30 கிலோவாட் வரை இழுக்கும். நம் ஊர்க் குழாயில் வருவது நகர எரிவாயு. அதில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன். ஒரு கன மீட்டருக்குக் கிடைக்கும் வெப்பம், வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கிற இயற்கை எரிவாயுவில் கிடைப்பதில் பாதியளவுதான். ஆகவே அதே வெப்பத்துக்கு இரண்டு மடங்கு வாயு ஓட வேண்டும். வீட்டுக்குள் அழுத்தமோ 1 கிலோபாஸ்கல் அளவுதான். ஒவ்வொரு எல்போ வளைவிலும் கொஞ்சம் குறையும். அடுப்புக்கென்று அளந்து போட்ட அரை அங்குலக் குழாயில் ஹீட்டரையும் தொங்கவிட்டால், மகன் குளிக்கப் போனதும் அம்மாவின் தோசைக்கல் ஆறிப்போகும். அடுப்பில் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் சாதனம் இல்லையென்றால் அது தோசையோடு முடியாது. மீட்டரிலிருந்து அளவெடுத்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். சில வீடுகளில் டீ போதும், பல வீடுகளில் மீட்டரிலிருந்தே பெரிய குழாய் வர வேண்டும்.

கேபினட் பற்றி இரவு எழுதுகிறேன். அதற்குள் ஐடியிடம் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

மின்சாரமே போதும்
இவ்வளவு தலைவலி எதற்கு? பாத்ரூம் சீலிங்குக்கு மேல் ஒரு ஸ்டோரேஜ் ஹீட்டர் வைத்தால் முடிந்தது. கேஸும் இல்லை, புகையும் இல்லை. இது டொரொன்டோ இல்லை. குழாய்த் தண்ணீரே 27, 28 டிகிரியில் வருகிற ஊர்.

செங்காங் நாலறை
மாமனார் மாமியாரோடு சேர்ந்து பெரிய குடும்பம் அண்ணே. எல்லாரும் காலையில் ஒரே நேரத்தில் கிளம்புவோம். டேங்க் காலியாகி அடுத்த ஆள் காத்திருக்க வேண்டும். உடனடி மின்சார ஹீட்டர் பாத்ரூமுக்கு ஒன்று என்று வைத்தாலும், 3 கிலோவாட் சொச்சத்தில் ரெயின் ஷவர் சூடாக வராது. அதனால்தான் கேஸ்.

எல்லை தாண்டி ஜோகூரில் ஹீட்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று தங்கச்சி மாப்பிள்ளை சொல்கிறார். வாங்கி வரலாமா?

மஞ்சள் குழாய்
வாங்காதீர்கள். அங்கே விற்பது பெரும்பாலும் சிலிண்டர் கேஸுக்கானது. சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன். வெப்பம் அதிகம், அதனால் ஜெட் துளை சின்னது. நகர எரிவாயுவை அதில் விட்டால் தீ சோர்ந்துபோகும். ஜெட்டை மாற்றினால் ஆயிற்று என்று கடைக்காரர் சொல்வார், அதையும் நம்ப வேண்டாம். ஹைட்ரஜன் தீ மிக வேகமாகப் பரவும். அதற்கென்று செய்யப்படாத பர்னரில் தீ பின்னோக்கி ஓடி உள்ளேயே எரியும். தலைகீழாகச் செய்தால் இன்னும் மோசம்: நகர எரிவாயு அடுப்பைச் சிலிண்டரில் மாட்டினால் பெரிய துளை வழியே அடர்த்தியான கேஸ் பீறிட்டு, கரி படிந்து, கார்பன் மோனாக்சைடு பொங்கும். பெட்டியின் மேல் 'டவுன் கேஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து இங்கேயே வாங்குங்கள்.

ஸ்கார்பரோ தம்பி
ஈசூனில் வளர்ந்தவன், இப்போது கனடாவில் ஃபர்னஸ் வேலைதான் பார்க்கிறேன். அந்த வீடியோவை நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே திட்டினேன்.

முதலில் சோதனை. அவர் லைனில் காற்றடிக்கும்போது ஃபர்னஸின் கேஸ் வால்வு இணைந்தே இருக்கிறது. அந்த வால்வுகள் தாங்குவது பெரும்பாலும் அரை பிஎஸ்ஐ அழுத்தம்தான். அதற்கு மேல் அடித்தால் உள்ளே இருக்கும் டயஃப்ரம் கெட்டுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, குமிழும் வராது, பிறகு ஒருநாள் வால்வு சரியாக மூடாது. கப்பலில் நீங்கள் அதைப்போலப் பல மடங்கு அழுத்தத்தில், 'பார்' கணக்கில் அடிக்கிறவர். வீட்டுக் கேஸ் லைனில் கருவியைக் கழற்றிவிட்டு அல்லது அடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கை பழகிய வேலை என்பதாலேயே இங்கே தப்பு நடக்கும்.

அடுத்தது, அவர் டக்ட் இணைப்புகளைச் சாம்பல் நிறத் துணி டக்ட் டேப்பால் சுற்றுகிறார். பெயர்தான் டக்ட் டேப். 1998இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் பல வகை டேப்புகளைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். டக்ட்டில் நிற்காமல் கழன்று விழுந்தது இந்தத் துணி டேப்தான். தொழில்காரர்கள் மாஸ்டிக் என்ற பசையைப் பூசுவார்கள், அல்லது அதற்கென்று சான்று பெற்ற ஃபாயில் டேப் ஒட்டுவார்கள்.

டேப் கழன்றால் கொஞ்சம் சூடு வீணாகும், அவ்வளவுதானே என்று தோன்றும். விஷயம் அதுவல்ல. ஃபர்னஸ் இருக்கும் அறையில் காற்றைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் டக்ட்டில் ஓட்டை இருந்தால், புளோயர் விசிறி அந்த அறைக் காற்றையே உறிஞ்சும். அறையில் அழுத்தம் குறையும். பக்கத்தில் நிற்கும் பழைய வாட்டர் ஹீட்டரின் புகை மேலே போவதற்குப் பதில் கீழே இறங்கும். அதே புளோயர் அதை எடுத்து ஒவ்வொரு படுக்கையறைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். கேஸ் குழாயில் ஒரு சொட்டுக் கசிவு இல்லாமலே வீட்டுக்காரர்களுக்கு மண்டையிடி. எங்களுக்கு வருகிற ஆபத்தான அழைப்புகளில் கசிவைவிட இந்த வகைதான் எனக்குப் பயம்.

அமெரிக்க விதியில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. கருவியின் வெப்பத் திறனில் மணிக்கு 1000 பிடியூவுக்கு 50 கன அடி இடம் வேண்டும். 80,000 பிடியூ ஃபர்னஸ் என்றால் 4000 கன அடி. அதற்குக் குறைந்தால் அடைபட்ட இடம் என்று பொருள். பக்கத்து அறையிலிருந்து காற்றெடுப்பதானால் இரண்டு துளைகள் வைக்க வேண்டும். ஒன்று கூரையிலிருந்து 12 அங்குலத்துக்குள், இன்னொன்று தரையிலிருந்து 12 அங்குலத்துக்குள், ஒவ்வொன்றும் குறைந்தது 100 சதுர அங்குலம். வீடியோக்காரர் கதவில் கிரில் வைத்தாரா? காட்டவே இல்லை.

தோ பாயோ பெரியவர்
ஹைட்ரஜன் பேச்சு வந்ததால் ஒரு பழங்கதை. இந்த ஊரில் 1864இல் முதன்முதலாகத் தெருவிளக்கு எரிந்ததே கேஸில்தான். காலாங் ஆற்றோரம் கேஸ் ஆலை இருந்தது. அந்தக் காலத்தில் நிலக்கரியைச் சுட்டுக் கேஸ் எடுத்தார்கள். 1990களின் கடைசியில் அதை மூடிவிட்டு எல்லாவற்றையும் செனோக்கோவுக்குக் கொண்டுபோனார்கள். பழைய இரும்பில் செய்த ஒரு சிற்பம் இன்னும் காலாங் ஆற்றோரப் பூங்காவில் நிற்கிறது. இப்போது செனோக்கோவில் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரிக்கிறார்கள். விற்பது சிட்டி எனர்ஜி, நமக்கெல்லாம் இன்னும் சிட்டி கேஸ்தான்.

கதை எதற்கென்றால், நகர எரிவாயுவிலேயே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு உண்டு. எரியாமல் கசிந்தாலும் நஞ்சு. வாசனை சேர்த்திருப்பதால் மூக்கு காட்டிக்கொடுக்கும். ஆனால் சரியாக எரியாத ஹீட்டரின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூக்கை நம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பொங்கோல் அக்கா
ஐடி, கேபினட் என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் எழுத வந்தேன்.

எங்கள் வீட்டில் கேஸ் ஆள் வந்து ஹீட்டரை ஒழுங்காக மாட்டிவிட்டுத்தான் போனார். சுற்றி இவ்வளவு இடம் விடுங்கள், புகை வெளியேறும் பக்கத்தை மறைக்காதீர்கள் என்று சொல்லியும் போனார். அவர் போனதும் கார்ப்பென்டர் வந்தார். அவரிடம் இருந்தது ஐடி கொடுத்த வரைபடம் மட்டும். ஹீட்டரைச் சுற்றிப் பெட்டி அடித்து, கதவு போட்டு, கீழே வாஷிங் மெஷின் மேல் பலகையும் வைத்துவிட்டார். பார்க்க ஓட்டல் மாதிரி இருந்தது. சில நாளிலேயே கதவின் உட்பக்க லேமினேட் பழுப்பேறிக் கொப்பளித்தது. கேஸ் ஆளைத் திரும்பக் கூப்பிட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரித்தோம். காசு எங்களுடையது. ஐடியோ "நீங்கள்தான் மறைக்கச் சொன்னீர்கள்" என்றார். அதுவும் உண்மைதான் என்று என் கணவர் இன்னும் சிரிக்கிறார்.

இந்த வேலையில் கேஸ் ஆளுக்கு உரிமம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அவருக்குப் பின்னால் வருகிற தச்சருக்கு அப்படி எதுவும் இல்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டுக்காரர்தான்.

மஞ்சள் குழாய்
அக்கா சொன்னதில் என் பாதி வேலை முடிந்தது.

செங்காங் தம்பிக்கு: ஹீட்டரில் வகை பாருங்கள். சாதாரணமாக விற்பது, எரிவதற்கான காற்றைத் தான் மாட்டியிருக்கும் இடத்திலிருந்தே எடுத்து, ஃபேன் வைத்துப் புகையைத் தள்ளும் வகை. இன்னொன்று, காற்றை வெளியிலிருந்து ஒரு குழாயில் எடுத்து, புகையையும் வெளியே விட்டு, வீட்டுக் காற்றோடு சம்பந்தமே இல்லாமல் எரியும் வகை. விலை கூடுதல். முதல் வகைக்கு யார்டு திறந்திருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். யார்டு என்று வரைபடத்தில் இருக்கும். மழைச்சாரல் அடிக்கிறது என்று ஜன்னல் போடுவார்கள். 2013 ஜூனில் புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 வரை ஏறியதே, அப்போது எத்தனை வீட்டில் யார்டு ஜன்னலை டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டு உள்ளே வெந்நீரில் குளித்தார்கள் தெரியுமா? அந்த வாரம் நான் போன வீடுகளில் வாய் வலிக்கச் சொன்னேன்.

அப்புறம் அடுப்புக்கு மேல் புகையை இழுக்கும் ஹூட். கனடாத் தம்பி ஃபர்னஸ் புளோயருக்குச் சொன்னது நம் சமையலறைக்கும் பொருந்தும். ஏர்கான் ஓடுவதால் வரவேற்பறை ஜன்னல் சாத்தியிருக்கும், யார்டு ஜன்னலும் சாத்தியிருக்கும், வெளியே டக்ட் வைத்த பெரிய ஹூட் முழு வேகத்தில் இழுக்கும். அது இழுக்கும் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஹீட்டரின் புகைவழி அதற்குத் தோதான ஓட்டை. ஹீட்டர் யார்டிலும் ஹூட் அடுத்த சுவரிலும் இருந்தால், இரண்டும் ஓடும்போது யார்டு ஜன்னல் திறந்தே இருக்கட்டும். காயப்போட்ட துணியும் ஹீட்டர் வாய்க்கு எதிரே வேண்டாம். மூங்கிலில் நனைந்த போர்வை தொங்கினால் அதுவும் ஓர் அடைப்புத்தான்.

ஃபால்ஸ் சீலிங்: காற்றோட்டமில்லாத மூடிய இடத்தில் கேஸ் குழாய் போகக் கூடாது. நகர எரிவாயு காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே போய் சீலிங்குக்குள் தேங்கும். வாசனை கீழே வருவதற்குள் மேலே சேர்ந்துவிடும். அப்புறம் அங்கே டவுன்லைட் வயர். சிலிண்டர் கேஸ் இதற்கு நேர் எதிர், காற்றைவிடக் கனம், தரையோரம் படியும். எது எங்கே தேங்கும் என்று தெரிந்துகொண்டு ஓடுபாதையை வையுங்கள். வெளியே தெரிகிற குழாய் அசிங்கம் இல்லை தம்பி. வேண்டுமானால் சுவர் நிறத்தில் பெயின்ட் அடித்துக்கொள்ளலாமா என்று கேஸ் ஆளிடம் கேளுங்கள்.

மின்சாரமே போதும்
நான் சொன்னேனா இல்லையா?

செங்காங் நாலறை
அண்ணே :) சரி, குழாயைத் தொடமாட்டேன். ஹூட் டக்ட்டையாவது நான் போடலாமா? வளையும் அலுமினியக் குழாய் ஒன்று ஹார்ட்வேர் கடையில் பார்த்தேன். வெளிச்சுவரில் துளை போட்டு விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

ஸ்கார்பரோ தம்பி
துளைக்கு முன்னால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதியைப் பாருங்கள், வெளிச்சுவரை நம் இஷ்டத்துக்குக் குடைய முடியாது. வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) சுவர் என்றால் பேச்சே வேண்டாம். டக்ட்டைப் பொறுத்தவரை, வளையும் குழாயின் உள்மடிப்பில் எண்ணெய் படியும், கழுவ முடியாது, காற்றும் தடுமாறும். வழவழப்பான தகரக் குழாய், வளைவு குறைவாக, ஹூட் வாய் 150 மில்லிமீட்டர் என்றால் கடைசி வரை 150. பாதியில் சிறிதாக்கினால் சத்தம்தான் கூடும். பிளாஸ்டிக் குழாய் வேண்டவே வேண்டாம், எண்ணெயோடு பற்றிக்கொள்ளும். வெளியே விட வழியில்லையென்றால் கரி ஃபில்டர் வைத்த ஹூட் போதும். அது வாசனையை ஓரளவு பிடிக்கும், ஆனால் அடுப்பின் ஈரத்தையும் எரிவாயுக் கழிவையும் வெளியேற்றாது. ஜன்னல் திறந்துதான் ஆக வேண்டும்.

செங்காங் நாலறை
கார்பன் மோனாக்சைடு அலாரம் இங்கே வாங்கி வைக்கலாமா? சீலிங்கில் ஏற்கெனவே ஓர் அலாரம் இருக்கிறதே?

மஞ்சள் குழாய்
2018 ஜூன் முதல் புது வீடுகளில் கட்டாயமான அந்த அலாரம் புகையைத்தான் பார்க்கும், கார்பன் மோனாக்சைடைப் பார்க்காது. தனியாக வாங்கி வைத்தால் நல்லதுதான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்த அலாரங்களில் இருக்கும் சென்சார் பலவற்றுக்கு ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடு மாதிரியே தெரியும். ஆகவே நகர எரிவாயு கசிந்தாலும் கத்தக்கூடும். பொய் அலாரம் என்று பேட்டரியைக் கழற்றாதீர்கள்.

ஸ்கார்பரோ தம்பி
ஒன்டாரியோவில் 2014 முதல் கேஸ் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் வைப்பது கட்டாயம். தூங்குகிறவன் காதில் விழ வேண்டும் என்பதால் அந்த இடம். தலைவலி, குமட்டல், காய்ச்சல் வருகிற மாதிரி அசதி, ஆனால் வெளியே போனால் தெளிகிறது என்றால் ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள். இரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு அது. ஜன்னலைத் திறந்ததும் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

நெறியாளர்
இழையைப் பின்னால் தேடி வருகிறவர்களுக்காக: கேஸ் வாசனை வந்தால் ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே போய் அங்கிருந்து எஸ்பி குழுமத்தின் கேஸ் அவசர எண் 1800 752 1800க்கு அழைக்கவும். தீக்குச்சி கிழித்துக் கசிவு தேடும் வீடியோ இணைப்பு ஒன்றை நீக்கியிருக்கிறேன். திரும்பப் போட வேண்டாம்.

பொங்கோல் அக்கா
தம்பி, வேலை வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கேஸ் ஆளை ஐடியும் கார்ப்பென்டரும் வீட்டில் இருக்கிற அதே நேரத்தில் கூப்பிடுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால். ஹீட்டர் எங்கே, குழாய் எந்த வழி, எவ்வளவு இடைவெளி என்று சுவரிலேயே சாக்பீஸால் கோடு போட்டு மூன்று பேரும் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் போட்டோவைக் கேபினட் குவட்டேஷனோடு இணைக்கச் சொல்லுங்கள்.

செங்காங் நாலறை
நல்ல யோசனை அக்கா. ஐடிக்கு மெசேஜ் போட்டேன், "அப்படியென்றால் குழாய் வெளியே தெரியுமே" என்று பதில் வந்திருக்கிறது.

மஞ்சள் குழாய்
தெரியட்டும்.

செங்காங் நாலறை
அதையேதான் எழுதி அனுப்பினேன். மீட்டர் இருக்கும் அலமாரிக்கும் கதவு அடிப்பதாக வரைந்திருக்கிறார். அதற்கும் துளை வேண்டுமா?

மஞ்சள் குழாய்
வேண்டும், கீழேயும் மேலேயும். மீட்டர் பக்கத்து வால்வைச் சாவி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் இல்லாமல் கை விட்டு மூட முடிய வேண்டும். கதவில் குழந்தைப் பூட்டு மாட்டுவதானால் வால்வு எங்கே என்று மாமியாருக்கும் காட்டி வையுங்கள். பகலில் வீட்டில் இருக்கப் போவது அவர்தானே.